ஒரே ஓடையின் மீன்களிடையே மைட்டோகாண்ட்ரியா நொதிகள் ஏன் வேறுபடுகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஓடையில், ஒரே நாளில், ஒரே கூண்டில் சிக்கிய பத்து மீன்களின் இதயங்களை எடுத்து, அவற்றின் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்பு) நொதிகள் எவ்வளவு விரைவாக வேலை செய்கின்றன என்று அளந்தால், பத்து வெவ்வேறு விடைகள் கிடைக்கும். அந்தப் பத்தையும் கூட்டி வகுத்துச் சராசரியை எழுதிவிட்டு, எஞ்சிய வேறுபாட்டைப் 'பிழை' என்று ஒதுக்குவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அந்த வேறுபாடுதான் ஆராய வேண்டிய பொருள் என்பது இந்தப் பக்கத்தை எழுதுபவரின் உறுதியான கருத்து. விலங்கியலும் உயிர்வேதியியலும் மீன்வளமும் படிக்கும் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப்பட்டுள்ளது. பெரும்பாலான எடுத்துக்காட்டுகள் வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் மம்மிசாக் என்னும் கில்லி மீனைப் பற்றியவை. ஏனெனில் இந்தக் கேள்வி வேறெந்த மீனைக் காட்டிலும் அந்த மீனில்தான் ஆழமாக ஆராயப்பட்டிருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியா நொதிகள் என்று இங்கே எவற்றைச் சொல்கிறோம்?

உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்களை ஆக்சிஜன் வரை கொண்டு சேர்த்து, அந்த ஓட்டத்தில் கிடைக்கும் ஆற்றலை ஏ.டி.பி. மூலக்கூறாகச் சேமிக்கும் செயலுக்கு ஆக்சிஜனேற்ற பாஸ்பரிகரணம் என்று பெயர். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கும் ஐந்து புரதக் கூட்டமைப்புகள் இதைச் செய்கின்றன. முதல் நான்கும் எலக்ட்ரான்களைக் கடத்துகின்றன, ஐந்தாவது ஏ.டி.பி.யை உருவாக்குகிறது. நான்காவது கூட்டமைப்பான சைட்டோகுரோம் ஆக்சிடேஸில்தான் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் முடிவில் நீராகிறது. மீன் செவுளால் எடுக்கும் ஆக்சிஜனும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. இவற்றுக்கு முந்தைய படியில், சிட்ரிக் அமிலச் சுழற்சியைத் தொடங்கி வைக்கும் சிட்ரேட் சிந்தேஸ் என்ற நொதியும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் மிகுதியாக அளக்கப்படுபவை முதல் கூட்டமைப்பு, நான்காம் கூட்டமைப்பு, சிட்ரேட் சிந்தேஸ் ஆகிய மூன்றே.

நொதியின் 'செயல்பாட்டு அளவு' எதைக் காட்டுகிறது?

ஒரு கிராம் திசுவில் உள்ள நொதி, வேண்டிய மூலப்பொருள் குறைவின்றிக் கிடைக்கும் நிலையில், ஒரு நிமிடத்தில் எவ்வளவு மூலப்பொருளை மாற்றுகிறது என்பதையே அந்த எண் காட்டுகிறது. ஆகவே அது உச்சத் திறன். உயிருள்ள மீனுக்குள் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த வேகம் அன்று. ஒரு மீனில் எண் உயர்ந்திருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: நொதி மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடியிருக்கலாம், அல்லது ஒவ்வொரு மூலக்கூறும் விரைவாக வேலை செய்யலாம். எண்ணை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

இத்தனை மீன்கள் இருக்க, கில்லி மீனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

ஃபண்டுலஸ் ஹெட்ரோக்ளைடஸ் என்ற அறிவியல் பெயருடைய இந்த மீன் விரல் நீளமே இருக்கும். உண்பதற்காக இதை யாரும் பிடிப்பதில்லை. பெரும்பாலும் தூண்டில் இரையாகப் பயன்படுகிறது. மம்மிசாக் என்பது அப்பகுதியின் பழங்குடியினரான நரகன்செட் மக்களின் சொல். கூட்டமாகத் திரிவது என்று பொருள். கனடாவின் நோவா ஸ்கோஷியா தொடங்கி அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து வடகிழக்குக் கரை வரை, உவர்நீர்ச் சதுப்புகளில் ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறி இறங்கும் சிற்றோடைகளில் இது பெருங்கூட்டமாக வாழ்கிறது.

ஆய்வாளருக்கு இதில் மூன்று வசதிகள் உண்டு. முதலாவது, அந்தக் கரையோரத்தின் வெப்பச் சரிவு: வடகோடியின் நீருக்கும் தென்கோடியின் நீருக்கும் இடையே சராசரி வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபடுகிறது, ஏறத்தாழ ஒரு பாகை அட்சரேகைக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் அது மாறிக்கொண்டே போகிறது. இரண்டாவது, இந்த மீன் தன் ஓடையை விட்டு வெகுதூரம் போவதில்லை. கோடைகாலத்தில் ஒரு மீனின் நடமாட்டம் ஓடைக்கரையில் சில பத்து மீட்டர்களுக்குள் அடங்கிவிடுவதாக அடையாளமிட்டு விட்ட மீன்களை மீண்டும் பிடித்துக் கண்டறிந்திருக்கிறார்கள். மூன்றாவது, பண்ணையில் ஒரே தாய்தந்தையரிடமிருந்து பெருக்கப்பட்ட மீன்களைப் போலன்றி, ஒவ்வொரு சதுப்பிலும் இவை மிகப்பெரும் எண்ணிக்கையில் கலந்து இனப்பெருக்கம் செய்கின்றன. அதனால் மரபணு வேறுபாடு மிகுதியாகத் தேங்கியிருக்கிறது.

இதன் வாழ்க்கையே மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு சோதனைக்களம் எனலாம். உவாக்காலத்துப் (அமாவாசை, பௌர்ணமிக் காலத்து) பெரிய ஓதத்தின்போது பெண்மீன் காலியான சிப்பி ஓடுகளுக்குள்ளும் சதுப்புப் புல்லின் அடித்தாள்களுக்கு இடையிலும் முட்டையிடுகிறது. ஓதம் இறங்கியபின் முட்டைகள் நாள்கணக்கில் நீருக்கு வெளியே ஈரக்காற்றில் வளர்ந்து, அடுத்த பெரிய ஓதம் மூடும்போது பொரிக்கின்றன. வளர்ந்த மீனோ, கோடைப் பகலில் வெந்நீர்க் குட்டையாகவும் இரவில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத நீராகவும் மாறும் ஓடையில் ஒரே நாளில் இரண்டையும் தாங்குகிறது.

அளவீடு உண்மையில் எப்படி நடக்கிறது?

இரை வைத்த கம்பிவலைக் கூண்டை ஓதம் இறங்கும் ஓடையில் இட்டு மீன்களைப் பிடிக்கிறார்கள். மீனைக் கொன்று எடுத்த இதயக் கீழறை ஓர் அரிசிமணி அளவுக்கும் குறைவானது. அதை உடனே திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். சில நிமிடத் தாமதமும் கணக்கில் தெரியும். பின்னர் பனிக்கட்டிமேல் வைத்த கண்ணாடிக் குழலில் குளிர்ந்த தாங்கல் கரைசலுடன் (அமில காரத் தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) அரைத்து, அந்தக் கலவையில் சில மைக்ரோலிட்டரை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

சிட்ரேட் சிந்தேஸ் சோதனையைக் கண்ணால் பார்க்கலாம். அசிட்டைல் துணைநொதி ஏ, எல்மன் வினைபொருள் எனப்படும் வேதிப்பொருள், அரைத்த கலவை மூன்றும் சேர்ந்த கரைசல் நிறமற்றிருக்கிறது. ஆக்சலோ அசிட்டேட்டை விட்டவுடன் நொதி வேலையைத் தொடங்குகிறது. விடுபடும் துணைநொதியின் கந்தகப் பகுதி எல்மன் வினைபொருளோடு சேர, கரைசல் மெல்ல மஞ்சளாகிறது. அந்த மஞ்சள் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதை 412 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிமானி பதிவு செய்கிறது. அடுத்தடுத்த குழிகளில் இரண்டு மீன்களின் கலவையை வைத்துப் பார்த்தால், ஒன்று மற்றதற்கு முன்பே மஞ்சளேறி நிற்பதைக் கருவி சொல்வதற்கு முன்பே கண் சொல்லிவிடும். தனிமீன் வேறுபாடு வெறும் புள்ளியியல் சொல் அன்று என்று மாணவர் நம்பத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான்.

சைட்டோகுரோம் ஆக்சிடேஸுக்கு, ஒடுக்கப்பட்ட சைட்டோகுரோம் சி 550 நானோமீட்டரில் குறைந்துவருவதைப் பார்க்கிறார்கள். முதல் கூட்டமைப்புக்கு, அதனிடம் எலக்ட்ரான்களைக் கொண்டுவந்து தரும் என்.ஏ.டி.எச். என்ற மூலக்கூறு 340 நானோமீட்டரில் குறைவதை அளந்து, பிறகு ரோட்டினோன் சேர்த்து மீண்டும் அளந்து, இரண்டின் வேறுபாட்டை எடுத்துக்கொள்கிறார்கள். ரோட்டினோன் என்பது டெரிஸ் போன்ற செடிகளின் வேரிலிருந்து கிடைக்கும் பொருள். நீரில் கரைத்து மீனை மயக்கிப் பிடிக்கப் பல நாட்டு மக்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்திய அதே நஞ்சு. அது மீனைக் கொல்வதே முதல் கூட்டமைப்பை அடைப்பதால்தான்.

கிடைக்கும் வேறுபாடு அளவீட்டுப் பிழை இல்லை என்று எப்படிச் சொல்வது?

இந்தத் துறையில் மிக முக்கியமான கேள்வி இதுவே; இதற்கு விடை இல்லாத கட்டுரையை நம்பத் தேவையில்லை. ஒரே மீனின் ஒரே கலவையைத் தனித்தனியாகப் பலமுறை அளந்து, அந்த அளவீடுகள் தமக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்று முதலில் காண வேண்டும். எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கு: மீன்களுக்கிடையே தெரியும் சிதறல் சராசரியில் 20 விழுக்காடு என்றும், ஒரே கலவையை மீண்டும் மீண்டும் அளக்கும்போது வரும் சிதறல் 5 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். சிதறலை வர்க்கப்படுத்திப் பார்த்தால் 400க்கு 25. அதாவது மொத்த வேறுபாட்டில் பதினாறில் ஒரு பங்குதான் அளவீட்டின் குற்றம். அதே ஆய்வகத்தில் பிப்பெட் பிடிக்கும் கை பழகாமல் மறு அளவீட்டுச் சிதறல் 15 விழுக்காடாக இருந்தால், 400க்கு 225 ஆகிவிடும். பாதிக்கு மேல் வெறும் பிழை. இரண்டு ஆய்வகங்களும் வெளியிடும் வரைபடம் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்.

வெப்பநிலையைச் சொல்லாமல் விட முடியாது. பெரும்பாலான நொதிகளின் வேகம் 10 டிகிரி உயர்வுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அந்தக் கணக்கில், அளக்கும் கரைசல் ஒரு டிகிரி கூடுதலாக இருந்தாலே விடை சுமார் 7 விழுக்காடு உயர்ந்துவிடும். காலையில் அளந்த மீன்களையும், அறை சூடேறியபின் பிற்பகலில் அளந்த மீன்களையும் ஒப்பிட்டு, இல்லாத உயிரியலைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. எந்த மீனை எப்போது அளப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதே இதற்கு வழி.

உடல் எடையும் அப்படியே. பல மீனினங்களின் வெண்தசையில், உடல் பெரிதாக ஆக, ஒரு கிராமுக்கான ஆக்சிஜனேற்ற நொதிகளின் செயல்பாடு குறைந்தும், ஆக்சிஜனின்றி ஆற்றல் தரும் நொதிகளின் செயல்பாடு கூடியும் வருவதை ஜார்ஜ் சொமெரோவும் ஜேம்ஸ் சில்ட்ரெஸும் 1980இல் காட்டினார்கள். ஆகவே எடையின் பங்கைக் கழித்தபின் எஞ்சுவதையே தனிமீனின் இயல்பு என்று பேச வேண்டும். பால், இனப்பெருக்கப் பருவம், கடைசியாக எப்போது உண்டது என்பனவும் கணக்கில் வர வேண்டியவை.

வேறுபாட்டுக்குக் காரணம் மீன் வாழ்ந்த இடம்தானே? மரபு எப்படி உள்ளே வருகிறது?

இடத்தின் பங்கு பெரியதுதான். குளிர்நீரில் சில வாரம் இருந்தாலே பல மீன்கள் தசையில் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கிக்கொள்கின்றன. எனவே ஓடையிலிருந்து எடுத்த அன்றே அளந்த எண்ணில் மரபும் சூழலும் பின்னிக் கிடக்கும். அதைப் பிரிக்கவே பிடித்த மீன்களை ஒரே தொட்டி, ஒரே உப்புத்தன்மை, ஒரே வெப்பநிலை, ஒரே தீனி என மாதக்கணக்கில் வைத்திருந்து அளக்கிறார்கள். அதைவிட நல்லது, ஆய்வகத்திலேயே பொரித்து வளர்ந்த தலைமுறையை அளப்பது.

அப்படிப் பொதுச் சூழலில் வைத்தபின் வேறுபாடு மறைந்துவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். மறையவில்லை. மார்ஜரி ஒலெக்சியாக், கேரி சர்ச்சில், டக்ளஸ் கிராஃபோர்ட் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கில்லி மீன்களின் 907 மரபணுக்களின் வெளிப்பாட்டை (ஒவ்வொன்றும் எவ்வளவு செயல்படுகிறது என்பதை) அளந்தபோது, ஒரே இனக்கூட்டத்தைச் சேர்ந்த தனிமீன்களுக்கிடையே ஏறத்தாழ 18 விழுக்காடு மரபணுக்கள் ஐயமற வேறுபட்டன. 2005இல் ஒலெக்சியாக், ஜெனிஃபர் ரோச், கிராஃபோர்ட் மூவரும் வளர்சிதை மாற்ற மரபணுக்களை மட்டும் எடுத்து இதயத்தில் ஆராய்ந்தார்கள். பொதுச் சூழலில் வளர்ந்த அந்த மீன்களின் இதயங்கள் ஆற்றல் மூலப்பொருள்களைப் பயன்படுத்தும் வேகம், மீனுக்கு மீன் இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபட்டது. மரபணுக்களில் 94 விழுக்காடு ஒரே இனக்கூட்டத்துத் தனிமீன்களுக்கிடையே வேறுபட்ட அளவில் வெளிப்பட்டன.

மரபணு வெளிப்பாடு வேறுபட்டால் வளர்சிதை மாற்றம் வேறுபடும் என்பது எதிர்பார்க்கக்கூடியதுதானே? இதில் புதுமை என்ன?

எந்த மரபணு முக்கியம் என்பது மீனுக்கு மீன் மாறியதே புதுமை. ஒரு குழு மீன்களில் இதயத்தின் வேகத்தை விளக்கிய மரபணுக்கள் இன்னொரு குழுவில் எதையும் விளக்கவில்லை. அங்கே வேறு மரபணுக்கள் அந்தப் பொறுப்பை ஏற்றிருந்தன. மேலும், பெரிய அளவில் மாறிய மரபணுக்கள் சிறிய அளவில் மாறியவற்றைவிட அதிகமாக எதையும் சொல்லவில்லை. ஒரே விடைக்கு வரும் வழிகள் பல என்பதையும், ஒவ்வொரு மீனும் தனக்குக் கிடைத்த மரபணுக் கூட்டைக் கொண்டு தன் வழியில் அந்த விடைக்கு வருகிறது என்பதையும் இது காட்டுகிறது. 'இந்த நொதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது' என்ற எளிய முடிவை எல்லா மீன்களுக்கும் பொருத்திப் பார்ப்பது ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் பற்றிய பழைய ஆய்வுகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அது மைட்டோகாண்ட்ரியா நொதி அன்று. ஆக்சிஜனின்றி ஆற்றல் தரும் வழியைச் சேர்ந்தது, செல்லின் சைட்டோபிளாசத்தில் இருப்பது. ஆனால் கில்லி மீன் ஆய்வின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் பவர்ஸின் குழு 1970களிலும் 80களிலும், இந்த நொதியின் ஒரு வடிவம் வடக்கிலும் இன்னொரு வடிவம் தெற்கிலும் மேலோங்கியிருப்பதையும், ஒவ்வொன்றும் அந்தந்த வெப்பநிலைக்கு ஏற்ற வேகம் கொண்டிருப்பதையும் காட்டியது. 1989இல் கிராஃபோர்டும் பவர்ஸும் வடக்கு மீன்களின் ஈரலில் அந்த நொதியின் அளவே ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதைக் கண்டார்கள். நொதியின் வடிவம் மட்டுமன்றி எவ்வளவு நொதி உருவாகிறது என்பதும் இயற்கைத் தேர்வுக்கு உட்பட்டது என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது.

மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. இருக்கிறதே, வேறுபாடு அதிலிருந்து வருகிறதா?

ஓரளவு. ஆனால் தனியாக அன்று. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் 37 மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் 13 மட்டுமே புரதங்களுக்கானவை. ஐந்து கூட்டமைப்புகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 90 புரதத் துணையலகுகள் வேண்டும். மீதமுள்ள எழுபத்துச் சொச்சமும் உட்கரு டி.என்.ஏ.விலிருந்து வருகின்றன. தாயிடமிருந்து மட்டுமே வரும் 13 துண்டுகளும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் கலந்துவரும் எழுபதுக்கு மேற்பட்ட துண்டுகளும் ஒரே இயந்திரத்தில் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். இரண்டாம் கூட்டமைப்பு மட்டும் விதிவிலக்கு; அதன் நான்கு துணையலகுகளும் உட்கருவிலிருந்தே வருகின்றன. ஆகையால் இரண்டாம் கூட்டமைப்பு ஒத்திருக்க, முதலும் நான்கும் வேறுபட்டால், இரு மரபணுத்தொகுதிகளின் பொருத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று ஐயுறலாம்.

கில்லி மீனில் வடக்கு மைட்டோகாண்ட்ரியா வகையும் தெற்கு வகையும் நியூ ஜெர்சி மாநிலத்துக் கரையில் சந்திக்கின்றன. அங்கே ஒரே இனக்கூட்டத்துக்குள் இரண்டு வகையும் கலந்து வாழும் இடத்தை எடுத்துக்கொண்டு, 2017இல் வெளியான ஆய்வொன்றில் உட்கரு டி.என்.ஏ.வில் மீனுக்கு மீன் மாறக்கூடிய ஏறத்தாழ 11,000 புள்ளிகளைப் பார்த்தார்கள். அவற்றுள் 349 புள்ளிகளில், வடக்கு மைட்டோகாண்ட்ரியா உடைய மீன்களும் தெற்கு மைட்டோகாண்ட்ரியா உடைய மீன்களும் ஒரே ஓடையில் கலந்து வாழ்ந்தும் வேறுபட்டே நின்றன. மைட்டோகாண்ட்ரியா வகையையும் அந்த 349 புள்ளிகளின் கலப்பையும் சேர்த்துப் பார்த்தபோது, தனிமீன்களின் இதய ஆக்சிஜனேற்ற பாஸ்பரிகரண வேறுபாட்டில் ஒரு குறிப்பிடத்தக்க பங்கு விளங்கியது. வியப்புக்குரியது, அந்தப் புள்ளிகள் கூட்டமைப்புகளின் புரதங்களுக்கான மரபணுக்களில் இல்லை. வளர்சிதை மாற்றத்தை மேலிருந்து ஒழுங்குபடுத்தும் மரபணுக்களில் இருந்தன. இயந்திரத்தின் பற்சக்கரங்களைத் தேடிப் போனவர்களுக்கு, அதை இயக்கும் கைகளில் விடை கிடைத்தது.

மாசுபட்ட நீரில் வாழும் மீன்களின் நொதிகள் கெட்டுப்போய்விடுமா?

கெடுவதும் உண்டு, தலைமுறைகளில் மாறிக்கொள்வதும் உண்டு. கனடாவின் சுரங்கப் பகுதி ஏரிகளில் தாமிரமும் காட்மியமும் உடலில் ஏறிய மஞ்சள் பெர்ச் மீன்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்பாடு குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

கில்லி மீனின் கதை வேறு. வர்ஜீனியா மாநிலத்தின் எலிசபெத் ஆற்றில், மரம் பதப்படுத்தும் ஆலைகளின் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் பல பத்தாண்டுகள் படிந்து, ஆற்றுச் சேறே நஞ்சாகியிருக்கிறது. அங்கே வாழும் மீன்களின் மூன்றாம் தலைமுறையை ஆய்வகத்தின் தூய நீரில் வளர்த்து, அருகிலுள்ள கிங்ஸ் கிரீக் என்ற தூய ஓடை மீன்களின் ஆய்வகச் சந்ததியோடு ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ஈரல் செல்களின் வழக்கமான சுவாச வேகமும் இரண்டாம் கூட்டமைப்பின் செயல்பாடும் எலிசபெத் ஆற்று மீன்களில் கூடியிருந்தன. முதல் கூட்டமைப்பின் செயல்பாடு குறைந்திருந்தது. நஞ்சையே காணாத பேரக்குஞ்சுகளிலும் வழக்கமான சுவாச வேகத்தின் உயர்வு தொடர்ந்ததால், அது மரபில் இறங்கிய மாற்றம் என்று கொள்ளலாம். ஆனால் தனித்தனிக் கூட்டமைப்புகளின் அளவுகளில், ஆற்றில் பிடித்த மீனும் ஆய்வகத்தில் வளர்ந்த மீனும் ஒத்துப்போகவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரபு மொத்த வேகத்தை நிலைநிறுத்த, அந்த வேகத்தை எந்தக் கூட்டமைப்பின் வழியாக எட்டுவது என்பதைச் சூழல் மாற்றுவதாகவே எனக்குப் படுகிறது.

செயல்பாடு குறைந்த மீன் பலவீனமான மீன் என்று கொள்ளலாமா?

கூடாது. இந்தத் தவறு பாடநூல் படித்தவர்களிடமும் இருக்கிறது. ஒரு தொடர்வினையின் ஓட்டத்தை ஒரே ஒரு படி கட்டுப்படுத்துவதில்லை. கட்டுப்பாடு பல படிகளில் பங்கிடப்பட்டிருக்கிறது என்று ஹென்ரிக் காக்சரும் ஜேம்ஸ் பர்ன்ஸும் 1973இலேயே கணித முறையில் காட்டினார்கள். பல திசுக்களில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் தேவைக்கு மேற்பட்ட திறனோடு இருக்கிறது. அதில் ஒரு பகுதி குறைந்தாலும் மொத்த ஓட்டம் சற்றே குறையும். அகலமான வாய்க்காலின் ஒரு மதகைப் பாதி மூடினாலும், கீழே உள்ள குறுகிய மதகு விடும் நீரின் அளவு மாறாதது போன்றது இது.

தவிரவும், விரைவு வேறு, சிக்கனம் வேறு. ஒரே அளவு ஆக்சிஜனைச் செலவிட்டு ஒரு மீன் மிகுதியான ஏ.டி.பி.யும் இன்னொரு மீன் குறைவான ஏ.டி.பி.யும் பெறலாம், உட்சவ்வில் புரோட்டான்கள் கசிவது இதற்கு ஒரு காரணம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கரீன் சாலினும் நீல் மெட்காஃப்பும் சக ஆய்வாளர்களும் பழுப்பு டிரௌட் மீன்களில் இதை ஆராய்ந்து, ஒரே அளவு தீனி உண்ட மீன்களுக்கிடையே காணும் வளர்ச்சி வேறுபாட்டை மைட்டோகாண்ட்ரியாவின் இந்தச் சிக்கனத்தோடு தொடர்புபடுத்தினார்கள். தீனி குறைந்த ஆண்டில் சிக்கனமான மீனுக்கு வாய்ப்பு. தீனி மலிந்து, எதிரி துரத்தும் ஓடையில் விரைவான மீனுக்கு வாய்ப்பு.

சிறந்ததை இயற்கைத் தேர்வு நிலைநிறுத்தியிருந்தால் இத்தனை வேறுபாடு எப்படித் தங்கியது?

'சிறந்தது' எது என்பது மணிக்கு மணி மாறும் இடத்தில் இந்த மீன்கள் வாழ்கின்றன. 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஒரே சதுப்புக்குள் சில நூறு மீட்டருக்குள்ளேயே அமைந்த கரையோரம், தேங்குநீர், குட்டை ஆகிய சிற்றிடங்களில் பிடித்த மீன்களிடையே மரபணு வேறுபாட்டைக் கண்டது. நீந்திக் கலக்க எந்தத் தடையும் இல்லாத இடத்தில் இப்படி வேறுபாடு நிலைக்க வேண்டுமானால், ஒவ்வொரு சிற்றிடத்திலும் வெவ்வேறு மீன்கள் பிழைத்து எஞ்சுவது ஒரு வலுவான காரணமாக இருக்க வேண்டும். இதோடு, ஒரு பண்பைப் பல நூறு மரபணுக்கள் சிறிது சிறிதாகத் தாங்கும்போது, தேர்வு எந்த ஒன்றையும் முழுமையாகத் துடைத்தெடுப்பதில்லை. ஒவ்வொன்றையும் சற்றே நகர்த்துகிறது, அவ்வளவே.

மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையைச் சமன்செய்ய எல்லாவற்றையும் சிட்ரேட் சிந்தேஸால் வகுத்துவிடலாமா?

பலர் அப்படிச் செய்கிறார்கள், நான் பரிந்துரைப்பதில்லை. சிட்ரேட் சிந்தேஸ் மைட்டோகாண்ட்ரியாவின் அளவைக் காட்டும் குறியீடாகப் பயன்படுவது உண்மை. ஆனால் அதுவும் மீனுக்கு மீன் வேறுபடும் ஒரு நொதியே. மாறும் ஒன்றை மாறும் இன்னொன்றால் வகுத்தால், எது மாறியது என்பதே மறைந்துபோகும். இரண்டையும் தனித்தனியாக வெளியிட்டு, விகிதத்தைக் கூடுதல் தகவலாகத் தருவதே நேர்மையான முறை.

மீனைக் கொல்லாமல் அளக்க முடியாதா?

இதயத்தையும் ஈரலையும் கொல்லாமல் எடுக்க வழியில்லை. அதனால் ஒரே மீனை இளமையிலும் முதுமையிலும் அளந்து ஒப்பிட முடியாமல் போகிறது. இந்தத் துறையின் பெருங்குறை இது. ஒரு வாய்ப்பு உண்டு. பாலூட்டிகளைப் போலன்றி, மீனின் சிவப்பணுக்களில் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் இருக்கின்றன. எனவே சிறுதுளி இரத்தமே சோதனைக்குப் போதுமானதாகலாம். இரத்தத்தில் காணும் வேறுபாடு இதயத்தின் வேறுபாட்டைப் பிரதிபலிக்கிறதா என்பதை ஒவ்வோர் இனத்திலும் தனியே சரிபார்த்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

உறைந்த திசு எல்லாவற்றுக்கும் போதாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உறையும்போது சவ்வுகள் உடைவதால், தனித்தனி நொதிகளை அளக்கலாமே தவிர, ஆக்சிஜன் நுகர்வும் ஏ.டி.பி. உருவாக்கமும் இணைந்து நடப்பதை அளக்க முடியாது. அதற்குப் புதுத் திசுவும் ஆக்சிஜன் மின்முனையும் அன்றே தேவை.

நீர் வெப்பமாகிவரும் காலத்தில் இந்த ஆய்வால் என்ன பயன்?

நியூ ஜெர்சியின் ஆய்ஸ்டர் கிரீக் அணுமின் நிலையம் 1969 முதல் 2018 வரை வெந்நீரை அருகிலுள்ள ஓடைக்குள் விட்டுவந்தது. அந்த நீரில் தலைமுறைகளாக வாழ்ந்த கில்லி மீன்களையும் அதே கரையில் இயல்பான நீரில் வாழ்ந்தவற்றையும் ஒப்பிட்டு, மரபணு அளவிலும் வளர்சிதை மாற்ற அளவிலும் ஆய்வுகள் நடந்துள்ளன. ஓர் இனக்கூட்டம் வெப்பத்தைத் தாங்குமா என்ற கேள்விக்கு அதன் சராசரி விடை சொல்லாது. சராசரி மீன் சாகும் வெப்பத்திலும் பிழைக்கும் சில மீன்கள் கூட்டத்தில் இருக்கின்றனவா, அவற்றின் இயல்பு குஞ்சுகளுக்கு இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. வேறுபாட்டை அளக்காமல் சராசரியை மட்டும் வைத்து ஓர் இனத்தின் எதிர்காலத்தைக் கணிப்பவர்கள், கணக்கின் முக்கியமான பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இதை ஆராயத் தொடங்கும் மாணவர் முதலில் எதில் கவனம் வைக்க வேண்டும்?

திசு போதவில்லை என்பதற்காக ஐந்து மீன்களின் இதயங்களை ஒரே குழலில் சேர்த்து அரைக்காதீர்கள். அரைத்த அந்த நொடியில் ஐந்து விடைகள் ஒன்றாகிவிடும். பிறகு எந்தப் புள்ளியியலாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. சோதனையின் கொள்ளளவைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். நுண்தட்டின் ஒரு குழிக்குச் சில மைக்ரோலிட்டர் கலவை போதும். ஒவ்வொரு மீனின் எடை, நீளம், பால், பிடித்த நேரம், ஓடையின் வெப்பநிலை ஆகியவற்றைக் கரையிலேயே பென்சிலால் எழுதுங்கள். ஈரத்தில் பேனா மை கரையும். குழலின் மூடியில் மட்டும் எண் இடாமல் பக்கவாட்டிலும் இடுங்கள். திரவ நைட்ரஜனிலிருந்து எடுக்கும்போது மூடிமேல் எழுதியது உறைபனியோடு உதிர்ந்துவிடும். ஒரு மீனுக்கு ஓர் எண், அந்த எண் கடைசி வரைபடத்தின் புள்ளிவரை அந்த மீனோடு வர வேண்டும்.